பலகை ஒட்டினால் எப்போது காயும்? கொழும்புக் காற்றுக்கு ஒரு கணக்கு

பலகைகளை ஒட்டிப் பெனல் செய்யத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கம் எவ்வளவு நேரத்தில் காயும்? போத்தலில் முப்பது நிமிடம் என்று போட்டிருக்கும். ஹாட்வெயார் கடையில் கேட்டால் இரண்டு மணித்தியாலம் என்பார்கள். மொறட்டுவைப் பக்கம் தளபாடம் செய்கிற பாஸ் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், "இண்டைக்கு இறுக்கினா நாளைக்குக் கழட்டுங்கோ, சீவுளியை மட்டும் இந்தக் கிழமை எடுக்க வேண்டாம்" என்பார். மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. "காய்வது" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை நான் கற்றுக்கொள்ள ஒரு மேசை செலவானது. வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு, வேலை செய்ய இருந்த இடம் பால்கனி மட்டும். பலாப் பலகை ஐந்து, ஒவ்வொன்றும் நாலரை அங்குலம், ஒட்டினால் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மேசைத் தட்டு வரும். நவம்பர் மாதம், ஒவ்வொரு நாளும் பின்னேரம் மழை. பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஒரு மணித்தியாலத்தில் கழற்றினேன், ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது, தட்டிப் பார்த்தேன், ஏறி நின்றும் பார்த்தேன் (செய்யாதீர்கள்). அடுத்த நாள் காலையே சீவி, சாண்ட் பேப்பர் போட்டு, கையால் தடவினால் மூட்டு எங்கே என்று தெரியாத அளவுக்குச் சமப்படுத்தி, பொலிஷும் அடித்துவிட்டேன். மூன்று கிழமை கழித்து ஒரு நாள் காலை வெயில் யன்னல் வழியாகச் சரிந்து விழுந்தபோது பார்க்கிறேன், மேசை மேல் நான்கு கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி நேராக. மூட்டு விடவில்லை. மூட்டு இருந்த இடம் பள்ளமாகியிருந்தது.

என்ன நடந்தது என்றால், மரவேலைக்கு நாம் பாவிக்கிற வெள்ளை அல்லது மஞ்சள் பசை, அதாவது பிவிஏ, தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக் துணிக்கைகள்தான். தண்ணீர் வெளியேறும்போது துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. தண்ணீர் எங்கே போகும்? இரண்டு பலகைக்கும் நடுவில் காற்று இல்லை, அதனால் அது மரத்துக்குள்தான் போகும். மூட்டின் இரு பக்கமும் மரம் அந்தத் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஊதல்தான், ஆனால் சீவுளிக்குத் தெரியும். ஊதியிருக்கும்போது சீவினால் மேடு போய்ச் சமமாகிவிடும். பிறகு அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேற, மரம் பழைய அளவுக்குச் சுருங்க, சீவி எடுத்த அளவு பள்ளம் மிஞ்சும். பளபளப்பான பொலிஷ் என்றால் இன்னும் எடுத்துக் காட்டும்.

ஆகவே பசை போத்தலைத் திறந்ததிலிருந்து ஓடுகிற நேரம் ஒன்றல்ல, நான்கு. பசை பூசியதிலிருந்து பலகைகளைச் சேர்த்து முடிப்பது வரை ஒன்று. கிளாம்பில் இருக்க வேண்டியது ஒன்று. மூட்டு முழுப் பலம் எடுக்க ஒன்று. மரம் குடித்த தண்ணீரை விட்டு முடிக்க ஒன்று. முதலாவதை நிமிடத்தில் எண்ண வேண்டும், கடைசியை நாளில் எண்ண வேண்டும். போத்தலில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டாவது மட்டும்.

போத்தல் கணக்கு எங்கே எடுத்த கணக்கு

உதாரணத்துக்கு டைட்பொண்ட் ஒரிஜினல் என்கிற மஞ்சள் பசையை எடுத்துக்கொள்வோம், அதன் தயாரிப்பாளர் எண்களைத் தெளிவாகக் கொடுத்திருப்பதால். பூசிவிட்டுத் திறந்து வைக்கக்கூடிய நேரம் 4 முதல் 6 நிமிடம், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கி முடிக்க 10 முதல் 15 நிமிடம், கிளாம்பில் குறைந்தது 30 நிமிடம், 24 மணித்தியாலத்துக்கு மூட்டுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது. இதே வரிசையில் வரும் மூன்றாம் வகை மெதுவானது, திறந்து வைக்க 8 முதல் 10 நிமிடமும் மொத்தமாக 20 முதல் 25 நிமிடமும் தரும். இந்த நிமிடக் கணக்கு 21 பாகை செல்சியஸ் வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்கு உரியது. கொழும்பில் அப்படியொரு அறை வேண்டுமென்றால் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் வருடம் முழுக்க 27, 28 பாகை. ஈரப்பதம் காலையில் 80ஐத் தாண்டும், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை, கொஞ்சம் வறண்டு கிடைப்பது ஜனவரியும் பெப்ரவரியும். சூடும் ஈரமும் பசையை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். சூடு பசையைச் சீக்கிரம் தோல் பிடிக்க வைக்கும், ஈரக்காற்று தண்ணீர் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். பூசும்போது சூடு அவசரப்படுத்தும், இறுக்கிய பிறகு ஈரம் காத்திருக்க வைக்கும்.

இதில் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி ஒரு தனி வில்லன். வியர்க்கிறது என்று விசிறியைப் போட்டுக்கொண்டு பசை பூசினால், மூன்றாவது பலகைக்குப் பூசும்போது முதலாவதில் பசை தோல் போட்டிருக்கும். தோல் போட்ட பசை மற்றப் பலகையை நனைக்காது, கிளாம்ப் எத்தனை போட்டாலும் சரி. பூசும் பத்து நிமிடத்துக்கு விசிறியை நிறுத்துங்கள். வியர்வை மரத்தில் விழாமல் தலையில் ஒரு துவாய்த் துண்டு கட்டிக்கொண்டால் போதும்.

நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது, என் பால்கனியில் பார்த்துப் பார்த்து வந்தது: பூசத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் பலகைகள் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்குள் கடைசிக் கிளாம்பும் இறுகியிருக்க வேண்டும். பெப்ரவரி வெயில் நாள் என்றால் கிளாம்பில் இரண்டு மணித்தியாலம். மழை நாள் என்றால் இரவு முழுக்க, பேச்சே இல்லை. சீவ ஆரம்பிக்க வறண்ட நாட்களில் மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு கிழமை. அவசர வேலைக்கு ஒட்டுப் பெனல் சரிவராது, பிளைவூட் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை.

மரம் காயாமல் பசை காயாது

பசையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறோம், மரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பசையின் தண்ணீரை மரம் குடிக்க வேண்டும் என்றால் மரத்துக்குத் தாகம் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஈரமாக உள்ள மரம் எதைக் குடிக்கும்? மர ஆலையிலிருந்து நேரே ஓட்டோவில் ஏற்றி வந்த பலகையை அன்றைக்கே ஒட்டினால் அடுத்த நாளும் மூட்டுக்குள் பசை பால் மாதிரி இருக்கும் (நான் அப்படி ஒரு மூட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே வெள்ளையாக, கையில் பிசுபிசு என்று ஒட்டியது).

கொழும்பின் திறந்த காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் மரம் 14 முதல் 16 சதவீத ஈரத்துக்குக் கீழே வராது, காற்றே அந்த ஈரத்தில் இருப்பதால். ஏசி ஓடும் அறையில் வைத்தால் 10, 11 வரை இறங்கும். இது ஏன் முக்கியம் என்றால், பால்கனியில் 15 சதவீதத்தில் ஒட்டிய இரண்டடிப் பெனலை ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைத்து அது 11க்கு இறங்கினால், தேக்கு மாதிரிக் குறைவாகச் சுருங்கும் மரமே அகலத்தில் நாலு, நாலரை மில்லிமீற்றர் சுருங்கும். பெனலைச் சட்டத்துக்குள் பசை போட்டுப் பூட்டியிருந்தால் அந்த நாலு மில்லிமீற்றர் எங்காவது வெடிப்பாக வரும். வந்தால் பசையைத் திட்டுவோம். பாவம் பசை. சட்டத்தின் காடிக்குள், அதாவது அதில் வெட்டிய பள்ளத்துக்குள், பெனல் சும்மா நிற்க வேண்டும், அங்கே ஒரு சொட்டுக் கம்கூட வேண்டாம்.

மரத்தின் ஈரம் பார்க்க இரண்டு ஊசி உள்ள சின்ன மீற்றர் கிடைக்கிறது, பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையின் நுனி வேகமாகக் காயும், அதனால் நுனியில் ஓர் அடி விட்டு உள்ளே ஒரு சின்னத் துண்டு வெட்டுங்கள், உடனே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கேக் சுடும் அவனில் நூறு பாகையளவில் வைத்து நிறை இறங்குவது நிற்கும்வரை இடையிடையே எடுத்து நிறுங்கள். வெட்டும்போது 236 கிராம், கடைசியில் 200 கிராம் என்றால், போன 36ஐ 200ஆல் வகுத்தால் 18 சதவீதம். அது அதிகம், ஒட்டாதீர்கள். 15க்குக் கீழே வந்தால் தொடங்கலாம், 12 கிடைத்தால் கொண்டாடலாம். அவனில் பலாமர வாசம் இரண்டு நாள் நிற்கும், வீட்டில் உள்ளவர்களிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

வாங்கி வந்த பலகைகளை நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே தடிப்பான ரீப்பைத் துண்டுகளைக் குறுக்கே வைத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் போக விட்டு, அந்தப் பெனல் கடைசியில் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அதே அறையில் இரண்டு கிழமையாவது வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மரத்துக்கு மரம் குணமும் வேறு. மஹோகனி பசைக்கு நல்ல பிள்ளை. இறப்பர் மரமும் பசையை உடனே பிடிக்கும், ஆனால் ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், மழைக்காலத்தில் அதை மூடிக் கட்டி வைக்காதீர்கள். முதிரை மாதிரி அடர்ந்த மரம் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், கிளாம்ப் நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள். தேக்கில் எண்ணெய்ப் பிடிப்பு உண்டு, பழைய சீவலில் பசை ஒட்டாமல் வழுக்கும். தேக்கை ஒட்டும் அன்றைக்கே ஓரத்தைச் சீவி, அசிட்டோன் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, அது பறந்ததும் உடனே பூசுங்கள். உண்மையில் எந்த மரமானாலும் ஓரத்தை அன்றைக்கே சீவுவது நல்லது, போன மாதம் சீவிய ஓரம் பார்வைக்கு நேராக இருந்தாலும் இந்தக் காற்றில் அசைந்திருக்கும்.

ஒட்டும் நாள்

முதலில் பசையில்லாமல் ஒரு முறை முழுக்கச் சேர்த்து, கிளாம்ப் எல்லாம் போட்டு இறுக்கிப் பாருங்கள். இது ஒத்திகை. எந்தக் கிளாம்ப் எங்கே, எந்தப் பலகைக்குப் பக்கத்தில் எது என்பதெல்லாம் இங்கேயே முடிவாக வேண்டும், பசை பூசிய பிறகு யோசிக்க நேரமில்லை. பலகைகளை வரிசையாக அடுக்கி மேலே பென்சிலால் பெரிய முக்கோணம் ஒன்று கீறிவிடுங்கள், பிரித்துப் போட்டாலும் மறுபடி முக்கோணம் சேர்ந்தால் வரிசை சரி. ஒத்திகையில் இரண்டு பலகைக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால், கிளாம்பை இறுக்கி அதை மூடப் பார்க்க வேண்டாம், மறுபடி சீவுங்கள். இழுத்து மூடிய மூட்டு பசைக்குள் இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் திறக்கப் பார்க்கும், பெரும்பாலும் பலகையின் நுனியில் ஒரு நாள் திறந்தும்விடும். நடுவில் மட்டும் ஒரு தாள் தடிப்புக்கு இடைவெளி இருந்தால் பரவாயில்லை, சிலர் வேண்டுமென்றே அப்படிச் சீவுவார்கள், நுனிகள் கூடுதல் இறுக்கத்தோடு நிற்கும் என்பதற்காக.

பசையை ஒரு பக்க ஓரத்தில் தாராளமாக ஊற்றி, பழைய பல்துலக்கியாலோ சின்ன ரோலராலோ மரம் எங்கும் தெரியாத அளவுக்குப் பரப்புங்கள், மற்ற ஓரத்துக்கும் மெல்லிசாக ஒரு பூச்சு. விரலால் பரப்புகிறவர்களும் உண்டு, நானும்தான், ஆனால் அந்த விரல் பிறகு பலகை மேல் எங்கெல்லாம் படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்து பலகையையும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டு, மூன்று என்று தனித்தனியாக ஒட்டி, அடுத்த நாள் அவற்றைச் சேர்த்தால் ஐந்து நிமிடக் கெடுபிடி பாதியாகும். தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இறுக்கத்துக்கு ஒரு கணக்கு. நாலடி நீளம், ஒரு அங்குலத் தடிப்புள்ள ஓரத்தின் பரப்பு 48 சதுர அங்குலம். நடுத்தர மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அழுத்தம் வேண்டும் என்று வைத்தால் மொத்தம் 7,200 இறாத்தல், மூன்று தொன்னுக்கும் மேல். இரண்டு சின்னக் கிளாம்பால் இது ஆகாத காரியம் என்று கணக்கே சொல்கிறது. கிளாம்பின் அழுத்தம் வாயிலிருந்து விசிறி மாதிரி இரு பக்கமும் சுமார் 45 பாகையில் விரிந்து போகும், அதனால் ஓரப் பலகை அகலமாக இருந்தால் கிளாம்ப் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், ஒல்லியாக இருந்தால் நெருக்கமாகப் போட வேண்டும். எட்டிலிருந்து பத்து அங்குலத்துக்கு ஒன்று, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் இறுக்க இறுக்கப் பெனல் கிண்ணம் மாதிரி வளையும்.

சாஷ் கிளாம்ப், அதாவது பெனலின் முழு அகலத்தையும் பிடிக்கும் நீளக் கிளாம்ப், ஆறு வாங்க எல்லோரிடமும் காசு இருக்காது. பழைய ஓடாவிமார் செய்த மாதிரி, தடித்த சட்டம் ஒன்றின் இரு முனையிலும் கட்டை அடித்து, பெனலை நடுவில் வைத்து, மிஞ்சிய இடைவெளியில் இரண்டு ஆப்பை எதிரெதிராக வைத்து அடித்தால் அழுத்தம் நன்றாகவே வரும். அப்படி நாலு சட்டம் செய்து வைத்தால் ஆயுளுக்கும் போதும். ஆப்பு அடிக்கும்போது பெனல் மேல்நோக்கி எழும்பும், ஒரு கனமான கல்லையோ மறுபக்கத்துக்கும் ஒரு சட்டத்தையோ வைத்துக் கட்டுங்கள்.

இரும்புக் கிளாம்ப் ஈரமான பசையோடும் மரத்தோடும் பட்ட இடம் கறுக்கும். மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருள், இரும்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் மை மாதிரி ஒரு கறை வரும், சாண்ட் பேப்பரில் லேசில் போகாது. கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவில் பொலித்தீன் துண்டு வையுங்கள். பத்திரிகைத் தாள் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை ராசிபலன் மேசையின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

பிதுங்கி வரும் பசை

இறுக்கியதும் மூட்டின் நீளத்துக்கும் சின்னச் சின்ன மணியாகப் பசை வெளியே வந்தால் அளவு சரி. எங்காவது வராமல் இருந்தால் அந்த இடத்தில் பசை போதவில்லை, ஆறாகப் பாய்ந்தால் காசு போகிறது. ஈரத் துணியால் உடனே துடைக்கிறவர்கள் அதிகம், எனக்கு அது பிடிப்பதில்லை. துடைக்கும்போது பசை தண்ணீரோடு கலந்து மரத்தின் துளைகளுக்குள் இறங்கும், அந்த இடத்தில் பிறகு பொலிஷ் பிடிக்காமல் வெளிறிய திட்டு நிற்கும், அதோடு ஏற்கெனவே ஊதியிருக்கும் மூட்டுக்கு நாமே இன்னும் தண்ணீர் கொடுக்கிறோம். அப்படியே விடுங்கள். கொழும்பில் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அந்த மணிகள் றப்பர் மாதிரி ஆகும், நகத்தால் அழுத்தினால் குழி விழும் ஆனால் கையில் ஒட்டாது. அப்போது உளியைச் சரித்துப் பிடித்துத் தள்ளினால் நூலாக உரிந்து வரும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் கல்லாகிவிடும், பிறகு தட்டி எடுக்கும்போது மரத்தின் தோலும் சேர்ந்து வரும்.

இந்த மணியே உங்கள் மணிக்கூடும்கூட. வெளியே உள்ள மணி இன்னும் மென்மையாக இருந்தால் உள்ளே நிச்சயம் காயவில்லை. வெளியே கல்லாகிவிட்டது என்பதற்காக உள்ளேயும் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கிளாம்பைக் கழற்றிய பிறகு பெனலை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீக்கிரம் காயட்டும் என்று பால்கனி வெயிலில் படுக்க வைத்தால் மேல்பக்கம் காய்ந்து சுருங்கும், கீழ்ப்பக்கம் அப்படியே இருக்கும், மாலைக்குள் பெனல் தோணியாகிவிடும். மேசையில் தட்டையாகப் போட்டாலும் அதே கதை, கொஞ்சம் மெதுவாக. சுவரோடு சாய்த்தால் சுவர்ப்பக்கம் காற்றில்லை. இரண்டு ரீப்பைத் துண்டு மேல் தூக்கி வையுங்கள், அல்லது இரு பக்கமும் காற்றுப் படும்படி ஓரத்தில் நிறுத்துங்கள். விசிறி போடுவதாக இருந்தால் இப்போது போடுங்கள், நேரே பெனல் மேல் அல்ல, அறையில் காற்று நகர்ந்தால் போதும்.

பிறகு அந்த மூன்று நாளோ ஒரு கிழமையோ. இந்த இடைவெளியில் கால், சட்டம், இழுப்பறை என்று மற்ற வேலையைப் பாருங்கள். மரம் தண்ணீரை விட்டதா என்று தெரிய, ஒட்டிய அன்றைக்கே இரும்பு அடிமட்டம் ஒன்றை மூட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள், மூட்டில் மட்டம் மெல்லிசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், இரு பக்கமும் வெளிச்சக் கீற்று தெரியும். அந்தக் கீற்று நாளுக்கு நாள் மாறுவது நின்றால் சீவலாம். பலகைகள் ஒன்றுக்கொன்று மேடுபள்ளமாக ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை உதவாது, அப்போது நாளை எண்ணுங்கள். பொலிஷ் மங்கலானது என்றால் ஓரிரு நாள் முன்னே போனாலும் தப்பலாம், பளபளப்பானது என்றால் முழுதாகக் காத்திருங்கள்.

சந்தேகம் வந்தால் உடைத்துப் பாருங்கள்

பெனலை அல்ல. ஒட்டும்போதே அதே மரத்தின் கழிவுத் துண்டு இரண்டை, அதே பசையால், அதே இறுக்கத்தில் ஒட்டிப் பெனலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 24 மணித்தியாலம் கழித்து அதை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் மரம் கிழிந்து உடைந்தால் உங்கள் வேலை சுத்தம், மரத்தின் நார் ஓடும் நீள ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டிய மூட்டு மரத்தைவிடப் பலமாக இருக்க வேண்டும். மூட்டே பிளந்தால் உள்ளே பாருங்கள். ஒரு பக்கம் பசை பளபளவென்று கண்ணாடி மாதிரி, மறுபக்கம் வெறும் மரம் என்றால் சேர்ப்பதற்கு முன்பே தோல் போட்டுவிட்டது, அடுத்த முறை விசிறியை நிறுத்துங்கள், வேகமாகச் சேருங்கள். இரு பக்கமும் தடித்த படலம் என்றால் அழுத்தம் போதவில்லை. பிசுபிசுப்பு என்றால் மரம் ஈரம், இன்னும் நேரம் கொடுங்கள். வாரக்கணக்கில் காத்திருந்தும் பிசுபிசுப்புப் போகாவிட்டால் பசையே பழசு.

மற்றப் பசைகளைப் பற்றிச் சுருக்கமாக. பொலியுரித்தேன் பசை நேர்மாறு, அது இறுகுவதற்கே ஈரம் தேவை, அதனால் கொழும்புக் காற்றில் வேகமாகப் பிடிக்கும், நுரைத்து வரும், அந்த நுரையில் பலம் இல்லை என்பதால் இடைவெளியை அது நிரப்பும் என்று நம்பிச் சீவலில் சோம்பல் படக் கூடாது. கையில் பட்டால் ஒரு கிழமைக்குப் போகாது. எபொக்சிக்குத் தண்ணீரே இல்லை, இரண்டு பொருள் சேர்ந்து நடக்கும் இரசாயன மாற்றம், அதனால் மூட்டு ஊதாது, பள்ளமும் வராது, ஆனால் நம் சூட்டில் கிண்ணத்தில் வைத்திருக்கும்போதே கெட்டியாகத் தொடங்கும், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். எண்ணெய்த் தேக்குக்கு அது நல்லது. மேசைத் தட்டு முழுவதையும் அதில் ஒட்டுவது என் கணக்கில் வீண் செலவு. வெளியே மழையில் நிற்கும் கதவு, வாங்கு என்றால் சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், போத்தலில் டி3 அல்லது டி4 என்று போட்டதைப் பார்த்து வாங்குங்கள். டி1இலிருந்து டி4 வரை போகும் அந்த எண் தண்ணீரைத் தாங்கும் அளவைக் குறிக்கும்.

வாங்கிய பசையைப் பால்கனியில் விடாதீர்கள், வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் மூடி இறுக்கி வையுங்கள். திறந்த திகதியை மார்க்கரால் போத்தலிலேயே எழுதுங்கள். பழசாகிவிட்ட பசை, குச்சியால் எடுத்தால் பாகு மாதிரி நூல் நூலாக இழுபடும், அல்லது அடியில் கட்டி கட்டியாக நிற்கும். அதில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாவிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பிள்ளைகளின் பாடசாலைக் கடதாசி வேலைக்குப் பாவிக்கலாம்.

அப்புறம், ஒட்டிய நாளையும் நேரத்தையும் பெனலின் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். மூன்று நாள் முடிந்துவிட்டது என்று மனது சொல்லும்போது, அடியில் முந்தாநாள் திகதி இருக்கும்.